மான் வெருண்டால்

நித்திரை முறிகிற நேரத்தில்தான் அது வரும்.
ஐந்து மாதமும் பத்து நாளும் ஆன என் பிள்ளை
கண் திறப்பான், கூரையைப் பார்ப்பான்,
உள்ளிருந்து யாரோ கயிறு சுண்டினதுபோல்
தலை முன்னுக்கு விழும்,
இரண்டு கையும் விரிந்து எழும்பும்,
முழங்கால் வயிற்றை நோக்கி மடியும்.
ஒரு விநாடி. இரண்டு.
விட்டுவிடும்.
நான் மூச்சு விடுவேன்.
பிறகும் வரும்.

வயிற்றுக்குத்து என்றார் மாமி.
அரைக் கரண்டி கிரைப் வோட்டர்.
பல்லுக்கு என்றார் கீழ்வீட்டு சலோமி அக்கா.
வெருண்டிட்டான், நூல் கட்டு என்றது
மூதூரிலிருந்து போனில் ஒரு குரல்.
கட்டினோம். கறுப்பு நூல், ஏழு முடிச்சு.
நூலோடும் வந்தது.

எங்கள் வீடு கோட்டைக்குப் போகிற வழியில்.
விடிய முன்னம் மான்கள் வரும்,
மரக்கறிக்கடை எறிந்த கோவா இலையைத் தேடி.
அன்று பிள்ளையை மடியில் வைத்து
யன்னலோரம் இருந்தேன்.
பாண்காரரின் ஆட்டோ
அந்த ஒரே மெட்டை இசைத்தபடி திரும்பியது.
ஒரு மான் வெருண்டது.
காது நிமிர, உடம்பெங்கும் ஒரு துடிப்பு.
ஆட்டோ போனது.
மான் குனிந்து இலையைத் தின்றது.

அவ்வளவுதான்.
வெருட்சிக்கு ஒரு சத்தம் வேண்டும்,
பிறகு ஒரு முடிவும் உண்டு.

தெரு அடங்கிக் கிடக்க,
எந்தச் சத்தமும் இல்லாமல்
என் மடியில் அவன் மடங்கினான்.
எண்ணினேன். ஒன்று.
எட்டு விநாடி கழித்து இரண்டு.
பதினேழு வரை போனது.
அழுததால் உடம்பு முறுக்குகிறான் என்றிருந்தேன் இத்தனை நாளும்.
முறுக்கி விட்ட பிறகுதான் அழுகிறான்.

அப்போதுதான் மற்றதும் பிடிபட்டது.
கடைசியாக எப்போது சிரித்தான்?
வெசாக் கூடு கட்டின கிழமையா, அதற்கு முன்னமா?
கிலுகிலுப்பையை எட்டிப் பிடித்த கை
இப்போது எதையும் தேடுவதில்லை.
தோடு தொலைந்திருந்தால்
கட்டிலைப் புரட்டியிருப்போம்.
சிரிப்புத் தொலைந்ததற்கு
"நல்ல அமைதியான பிள்ளை" என்றோம்.

அன்று திங்கள். கிளினிக் வியாழன்.
மிஸ்ஸிக்கு அடித்தேன்.
"வியாழன் மட்டும் வைச்சிருக்காதேங்கோ.
காய்ச்சல் இல்லாட்டியும் இண்டைக்கே.
எல்லா வலிப்பும் நுரை தள்ளிக்கொண்டு வாறதில்லை.
திரும்ப வந்தால் போனில் எடுங்கோ,
எடுக்கிறதுக்காகக் காத்திருக்காதேங்கோ."

சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
புருவத்தில் மாவோடு வந்தார் ரஜிந்தன்.
முகம் கழுவவில்லை. அப்படியே திரும்பினோம்.

ஆஸ்பத்திரி வாங்கில் ஒருக்கால் கண்ணயர்ந்து எழும்பினான்.
நாற்பத்திரண்டு விநாடி எடுத்தேன்,
கை நடுங்கினதில் பாதி சுவர்தான்.
இளம் டொக்டர் இரண்டு தரம் பார்த்தார்.
மருந்துத்துண்டு எழுதவில்லை.
கதிரையை விட்டு எழும்பினார்.
அவர் எழும்பினதில்தான்
என் கால் சோர்ந்தது.

மட்டக்களப்பு வரை அம்புலன்ஸ்.
தலையில் பசை, பசையில் வயர்கள், திரையில் கோடுகள்.
ஒழுங்கே இல்லாத அந்தக் கோடுகளை
எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை;
மார்கழியில் டச் பே கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பிறகு மருந்து. கன்னம் ஊதி,
இரவெல்லாம் பசி பசியென்று கத்தின கிழமைகள்.
பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அது கேட்கவில்லை,
வேறொன்று மாற்றினார்கள்.
அந்தத் தாயும் நானும்
ஒரு பிளாஸ்க்கில் தேத்தண்ணி குடித்தோம்,
அதிகம் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்திருக்கிறோம்.
"இனிப் போகப் போகத்தான் தெரியும்" என்றார் பெரிய டொக்டர்.
வீடியோவை அழிக்கவில்லை.
சிரிப்பும் இன்னும் வரவில்லை.

இன்று விடிய கண் திறந்தான்.
விரல் மடக்கி எண்ணத் தயாராய் இருந்தேன்.
கூரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
தெருமுனையில் பாண் ஆட்டோ மெட்டை உயர்த்த
திடுக்கிட்டான்.

காத்திருந்தேன்.
எட்டு விநாடி. பத்து. இருபது.

ஒரு தடவைதான்.